உப்புக் காற்றில் டிஐ2: வயரைத் துடைத்து ஓட்டுவதா, மாற்றுவதா, வயரே வேண்டாமா?

"அண்ணே, முன் கியர் மாற மாட்டேங்குது. பட்டனை அழுத்துனா ஒருதரம் வேலை செய்யுது, ஒருதரம் சும்மா கெடக்குது. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வயர்லெஸ்ஸுக்கே போயிடலாமா?"

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி போன ஜனவரியில் கேட்டது. அதற்கு முன் லாஸ்பேட்டைக்காரர் ஒருவர் கேட்டார். வடகிழக்குப் பருவமழை விட்டு இரண்டு மூன்று வாரம் போனால் இந்தக் கேள்வி வந்துவிடும். எங்கள் புதுச்சேரி ரோடு பைக் ஓட்டிகள் பெரும்பாலும் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஆட்கள். விடியற்காலையில் கிளம்பி மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்புவார்கள், இல்லையென்றால் தெற்கே கடலூர். இரண்டு பக்கமும் உப்பு. இங்கே ஷிமானோவின் டிஐ2 மாதிரி, பட்டனை அழுத்தினால் சின்ன மோட்டார் மாற்றிவிடும் வயர் வைத்த எலெக்ட்ரானிக் கியரை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு ஜப்பானில் அச்சான கையேடு பாதிப் பதில்தான் சொல்லும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயர் கெடுவது அபூர்வம். கெடுவதெல்லாம் வயரைச் செருகும் முனைகள். ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் எண்ணுவது, அதில் எத்தனை முனைகள் என்பதைத்தான்.

காசை எடுக்கும் முன்: அது வயர்தானா?

வயர் கோளாறு என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் வயர் கோளாறே இல்லை. நானே ஒருமுறை ஏமாந்தேன். காலாப்பட்டு அருகே மணலில் சறுக்கி விழுந்து எழுந்தேன். பின் கியர் அசையவில்லை. வயர் அறுந்தது என்று முடிவு கட்டி, புது வயருக்குச் சென்னையில் சொல்லியும் விட்டேன். விழுந்த அடியில் ரியர் டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பின் பாகம்) தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரின் பிடியை விட்டிருந்தது, அவ்வளவுதான். ஹேண்டில்பார் பக்க வயர்கள் வந்து சேரும் சின்னப் பெட்டியான ஜங்ஷன் ஏ-யின் பட்டனைச் சிவப்பு விளக்கு எரியும்வரை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து, பெடலைச் சுற்றியபடி கியரை மாற்றினால் பழையபடி பற்றிக்கொள்ளும். வந்த வயர் டப்பாவிலேயே கிடந்தது.

அடுத்தது பேட்டரி. சார்ஜ் தீரும்போது முதலில் ஃப்ரன்ட் டெரெய்லர் வேலை நிறுத்தும், பிறகுதான் பின்னது. தேவனாம்பட்டினம் தம்பி சொன்ன முதல் வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குத் தோன்றியதும் அதுதான். ஷிஃப்டர் (பிரேக் பிடியோடு சேர்ந்த கியர் மாற்றி) பட்டனை அழுத்திப் பிடித்து ஜங்ஷன் ஏ விளக்கைப் பாருங்கள். பச்சை இரண்டு விநாடி நின்று எரிந்தால் பாதிக்கு மேல் இருக்கிறது. பச்சை மினுக்கினால் பாதி. சிவப்பு நின்று எரிந்தால் கால்வாசி, சிவப்பு மினுக்கினால் வீட்டுக்குப் போங்கள். ஆனால் "ஒருதரம் வேலை செய்யுது, ஒருதரம் இல்ல" என்ற இரண்டாம் வாக்கியம் பேட்டரியைக் குறிக்காது. அது முனையின் குரல்.

முனை என்றால் எந்த முனை? ஃப்ரேமுக்குள் வயர்கள் வந்து கூடும் ஜங்ஷன் பி பெட்டியின் நான்கு துளைகளும் ஒன்றுபோல. எந்த வயரை எதில் செருகினாலும் ஓடும். ஒவ்வொரு வயருக்குள்ளும் இரண்டே கம்பிகள். மின்சாரமும் தகவலும் அதிலேயே சேர்ந்து போகின்றன. எனவே முன், பின் டெரெய்லர் வயர்களைத் துளை மாற்றிச் செருகிப் பாருங்கள். கோளாறு அடுத்த டெரெய்லருக்குத் தாவினால் துளை கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் வயரோ டெரெய்லரோ. அப்போது புது வயர் ஒன்றை ஃப்ரேமுக்கு வெளியே டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தால் மீதிக் குழப்பமும் தீரும். இந்த அரைமணி வேலைக்கு முன்னால் கீழே உள்ள எந்த வழிக்கும் காசு எடுக்காதீர்கள்.

எதை வைத்து எடை போடுகிறேன்

முனைகளின் எண்ணிக்கை முதலாவது. சாமான் புதுச்சேரியிலேயே கிடைக்குமா, சென்னைக்கு 150 கிலோமீட்டர் ஆள் அனுப்ப வேண்டுமா என்பது இரண்டாவது. விலைச்சீட்டில் இல்லாத செலவு மூன்றாவது; பலர் கவிழ்வது இங்கேதான். மரக்காணத்தில் நின்றுபோனால் வீடு வந்து சேர முடியுமா என்பது நான்காவது. இந்த வண்டியை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது கடைசி. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எடையை நான் சேர்க்கவில்லை. இந்த விஷயத்தில் கிராம் கணக்கு பார்ப்பவர்கள் வேறு கட்டுரை படிக்கலாம்.

கீழே நான் பேசுவது பெரும்பாலும் ஷிமானோவின் 11 கியர் (பின்னால் 11 பல்சக்கரம்) டிஐ2 பற்றி. இங்கே செகண்ட் ஹேண்டில் சுற்றுவதும், மழைக்குப் பிறகு மக்கர் பண்ணுவதும் அதிகம் அதுதான்.

| வழி | வயர் முனைகள் | செலவு | மறைந்திருக்கும் செலவு | வழியில் நின்றால் |
|---|---|---|---|---|
| துடைத்துப் பராமரிப்பது | 12 | மிகக் குறைவு | உங்கள் நேரம், பொறுமை | கியர் ஒன்றில் நின்றபடி வீடு வரலாம் |
| வயர், ஜங்ஷன் மாற்றுவது | 12, ஆனால் புதியவை | நடுத்தரம் | பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் பேரிங்) கழற்றும் கூலி | அதேதான் |
| 12 கியர் அரை வயர்லெஸ் | 4 | அதிகம் | பிரேக் வேலை, செயின், கேசட் (பின் பல்சக்கரக் கொத்து) | அதேதான் |
| முழு வயர்லெஸ் | 0 | மிக அதிகம் | ஃப்ரீஹப் (கேசட் உட்காரும் உருளை), பிரேக் திரவம், தவறாமல் சார்ஜ் போடும் ஒழுங்கு | இன்னொரு பேட்டரி இருந்தால் ஓடும் |
| கேபிளுக்குத் திரும்புவது | 0 | நடுத்தரத்துக்கு மேல் | ஃப்ரேம் ஒத்துவராத ஆபத்து | தெருமுனை மெக்கானிக்கே போதும் |

12 எங்கிருந்து வந்தது? ஷிஃப்டர் இரண்டிலிருந்தும் ஜங்ஷன் ஏ-வுக்கு இரண்டு வயர். அங்கிருந்து ஜங்ஷன் பி-க்கு ஒரு நீள வயர். பி-யிலிருந்து பேட்டரிக்கு ஒன்று, டெரெய்லர்களுக்கு இரண்டு. ஆறு வயர், பன்னிரண்டு முனை.

துடைத்துப் பராமரிப்பது

முனைக்குள் ஈரம் போனால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பேட்டரி 7.4 வோல்ட். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே உப்பு ஈரம் பட்டால் நேர்முனைப் பக்கத்து உலோகம் மெல்லக் கரையத் தொடங்கும். வண்டி சும்மா சுவரில் சாய்ந்து நிற்கும்போதும் இது நடக்கலாம். கழற்றிப் பார்த்தால் பச்சைக் களிம்பு. கோயில் செம்பில் ஏறுமே, அதே நிறம். உடனே வீட்டில் யாராவது "புளி போட்டுத் தேய்" என்பார்கள். வேண்டாம். புளியின் அமிலம் களிம்பை எடுக்கும், ஆனால் மிச்சம் உள்ளே தங்கி மறுபடி அரிக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷ், பஞ்சு. துடைத்துவிட்டு ஒரு இரவு ஃபேன் காற்றில் விட்டு, அடுத்த நாள் 'டக்' என்று உட்காரும்வரை செருக வேண்டும். கழற்றவும் செருகவும் டிஎல்-இடபிள்யூ02 என்ற சின்னப் பிளாஸ்டிக் கருவி உண்டு. ஒரு முனை தள்ள, மறுமுனை நெம்ப. இதற்குப் பதில் இடுக்கியால் வயரைப் பிடித்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியின் ஷிஃப்டர் வயரை ஒரு கடையில் அப்படித்தான் இழுத்தார்கள். வெளியே பார்க்க வயர் நன்றாகவே இருந்தது. உள்ளே, பிளக்கின் கழுத்தில் கம்பி விட்டுப்போயிருந்தது. ஹேண்டில்பாரை இடதுபக்கம் திருப்பினால் கியர் மாறும், நேரே வைத்தால் மாறாது. கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இதில் முரணான ஒன்று உண்டு. அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்வது நல்ல பராமரிப்பு கிடையாது. முனையின் ரப்பர் விளிம்புதான் நீரைத் தடுக்கிறது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அது கொஞ்சம் தளரும். அறிகுறி இல்லாத முனையை நான் தொடுவதில்லை. தொடுவதெல்லாம் தண்ணீர் போகும் பாதையை.

ஃப்ரேமுக்குள் இறங்கும் நீர் எல்லாம் பாட்டம் பிராக்கெட்டில் வந்து தேங்கும். பல வண்டிகளில் ஜங்ஷன் பி அங்கேயே, அல்லது அதற்கு ஒரு சாண் மேலே கிடக்கிறது. போன டிசம்பரில் ஒரு வண்டியின் சீட் போஸ்ட்டை உருவிக் கவிழ்த்தபோது டீ கிளாஸில் பாதிக்குப் பழுப்பு நீர் வந்தது. அடியில் பொடி மணல். நீர் வடிய வேண்டிய சின்னத் துளையை ஒட்டுப் புழுதி அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்துவிட்டேன். மழையில் நனைந்த வண்டியின் சீட் போஸ்ட்டைப் பேட்டரி வயரோடு மெதுவாக வெளியே எடுத்து, வண்டியைக் கவிழ்த்து ஒரு இரவு வைப்பதுதான் நான் செய்யும் மிகப்பெரிய வயர் பராமரிப்பு. போஸ்ட் எவ்வளவு உயரம் என்று முன்பே டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலியாக உள்ள துளைகளில் டம்மி பிளக் இருக்கிறதா, சார்ஜ் போர்ட்டின் ரப்பர் மூடி முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹேண்டில்பார் முனையில் ஜங்ஷன் உள்ள வண்டியில் வியர்வையும் சேரும். நம்ம ஊர் மே மாதத்துக் கை வியர்வை கடல்நீருக்கு இளைத்ததில்லை. பைக் கழுவும் வாட்டர் சர்வீஸுக்கு இந்த சைக்கிளைக் கொண்டுபோகவே போகாதீர்கள். இந்த முனைகள் மழையைத் தாங்கும், அழுத்தத்தோடு பீய்ச்சும் நீரைத் தாங்காது.

களிம்பு மேலாக இருந்தால், ஒரே ஒரு முனையில் இருந்தால், இந்த வழியே போதும். துடைத்த பிறகு அடியில் செம்பு நிறம் தெரிந்தால் முலாம் போய்விட்டது. அது ஒரு மாதத்தில் திரும்பவும் பச்சையாகும், அடுத்த வழிக்கு வாருங்கள்.

வயரையும் ஜங்ஷனையும் மாற்றுவது

நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். இதற்கும் ஒரு காரணக் கதை உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ரெயின்போ நகரில் நண்பர் வீட்டுக் கீழ்த்தளத்தில் சைக்கிள் முழங்கால் நீரில் இரண்டு நாள் நின்றது. பாட்டம் பிராக்கெட் தரையிலிருந்து ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் உயரம்தான். ஆக ஜங்ஷன் பி முழுகிவிட்டது. அவரும் முதலில் கேட்டது வயர்லெஸ்தான். கடைசியில் மாற்றியது ஜங்ஷன் பி-யும் அதில் செருகியிருந்த நான்கு வயர்களும். டெரெய்லர், ஷிஃப்டர், பேட்டரி எல்லாம் பழையதே. இன்றும் ஓடுகிறது.

வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குங்கள். 11 கியர் அமைப்புக்கு எஸ்டி50 வயர். 2021-இல் வந்த 12 கியர் அமைப்புக்கு எஸ்டி300. அது மெல்லியது, முனையும் வேறு. ஒன்றை மற்றதில் செருக முடியாது, அடாப்டர் வேண்டும். எஸ்டி50 வயரின் நீளங்கள் 150 மில்லிமீட்டரில் தொடங்கி, பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் வருகின்றன. வெட்டி ஒட்டும் வயர் கிடையாது, எனவே பழையதை உருவி அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இரண்டு நீளங்களுக்கு நடுவே சந்தேகம் வந்தால் நீளமானது. குட்டை வயர் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது முனையை இழுக்கும்.

உருவும் முன் ஒரு விஷயம். பழைய வயரின் தலையில் மீன் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸைக் கட்டிவிட்டு உருவுங்கள். வயர் வெளியே வரும்போது தங்கூஸ் உள்ளே தங்கும். புது வயரை அதில் கட்டி இழுத்தால் தானாக வந்து சேரும். காந்தம் வைத்து வயரைத் தேடும் விசேஷக் கருவிக்குப் பெரும் காசு கேட்கிறார்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் வலைக்கடையில் தங்கூஸ் சுருள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு கூலி. ஃப்ரேமைப் பொறுத்து கிராங்க்கையும் (பெடல் தண்டு) பாட்டம் பிராக்கெட்டையும் கழற்ற வேண்டி வரலாம். அழுத்திப் பொருத்தும் வகை பாட்டம் பிராக்கெட்டை வெளியே தட்டினால் பேரிங் பழுதாகிவிடும், அதற்கும் சேர்த்துக் காசு வையுங்கள். எப்படியும் திறக்கிறீர்கள் என்றால் அங்குள்ள முனை எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒரு வயரை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதம் கழித்து அதே கூலியை மறுபடி கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

12 கியர் அரை வயர்லெஸ்

இதன் அமைப்பு எனக்குப் பிடிக்கும். டிஸ்க் பிரேக் வண்டியில் ஷிஃப்டருக்கு வயர் கிடையாது. பேட்டரியிலிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, முடிந்தது. பேட்டரியிலேயே துளைகள் இருப்பதால் ஜங்ஷன் பி-யும் போயிற்று, சார்ஜ் போர்ட்டும் ரியர் டெரெய்லருக்குப் போயிற்று. பன்னிரண்டு முனை நான்காகிறது. உப்புக் காற்றுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

ஆனால் 11 கியரிலிருந்து எதையும் கலந்துகொள்ள முடியாது. ஷிஃப்டர், இரண்டு டெரெய்லர், பேட்டரி, கேசட், செயின் எல்லாம் புதிது. ஷிஃப்டர் மாறினால் பிரேக் எண்ணெய்க் குழாயைத் திறந்து காற்று எடுக்கும் வேலையும் கூடவே வரும். ஒரு ஆறுதல், ஷிமானோ 12 கியர் ரோடு கேசட் பழைய 11 கியர் ஃப்ரீஹப்பில் உட்காரும். சக்கரம் மாற்ற வேண்டாம். ஷிஃப்டருக்குள் சிஆர்1632 பட்டன் செல் போட வேண்டும். இது சாதாரணக் கடிகாரக் கடையில் உடனே கிடைக்கும் செல் இல்லை, இரண்டு ஜோடி வாங்கி வீட்டில் வையுங்கள்.

பழைய டெரெய்லரும் தேய்ந்து, கேசட்டும் தேய்ந்து, எப்படியும் பெரிய செலவு வரப்போகிறது என்றால் இதற்குப் போங்கள். 2022-இல் விலை குறைந்த 105 வரிசையிலும் வந்துவிட்டதால் உச்ச வரிசையான டூரா-ஏஸின் விலை கொடுக்கத் தேவையில்லை. ஒரு முனையில் களிம்பு என்பதற்காக மட்டும் இதற்குப் போவது, சுவிட்ச் கெட்டதற்கு வீட்டை இடிப்பது.

முழு வயர்லெஸ்

ஷிமானோவின் போட்டி நிறுவனமான ஸ்ராம் 2015-இல் கொண்டுவந்த வழி. டெரெய்லர் ஒவ்வொன்றின் முதுகிலும் தனிப் பேட்டரி, வயர் அறவே இல்லை. பையில் மூன்றாவது பேட்டரி ஒன்று வைத்திருந்தால் மரக்காணத்தில் நின்றாலும் கவலை இல்லை. அதுகூட இல்லையென்றால் முன் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டி வீடு வரலாம். நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய வசதி. ஷிஃப்டரின் சிஆர்2032 செல் நேரு வீதியில் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

உப்பு மட்டும் விட்டுவிடாது. பேட்டரி உட்காரும் இடத்தில் உள்ள தகடுகளும் முனைதானே, சக்கரம் அடிக்கும் நீருக்கு நேராக இருக்கின்றன. வித்தியாசம், அதைக் கண்ணால் பார்க்கலாம், ஒரு நிமிடத்தில் துடைக்கலாம்.

கணக்கு கசப்பது வேறு இடத்தில். பெரும்பாலான ஸ்ராம் 12 கியர் ரோடு கேசட்டுகளுக்கு எக்ஸ்டிஆர் என்ற வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும். உங்கள் ஹப்புக்கு அது கிடைக்காவிட்டால் பின் சக்கரமே மாறும். ஷிமானோ டிஸ்க் பிரேக் மினரல் ஆயிலில் ஓடுகிறது, ஸ்ராம் ரோடு பிரேக் டாட் திரவத்தில். இரண்டையும் கலக்கக் கூடாது, ஆகவே காலிப்பரும் (டிஸ்கைக் கவ்வும் பாகம்) மாறும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. புதுச்சேரிக் காற்றில் அதை வருஷம் ஒருமுறை மாற்றுவது நல்லது. வயர் பராமரிப்பிலிருந்து தப்பி ஓடிப் பிரேக் பராமரிப்பில் வந்து விழுந்த கதைதான். புதிதாக முழு வண்டி வாங்குபவர் தாராளமாக இதை எடுக்கலாம். ஷிமானோ வண்டியைப் பிரித்து இதை மாட்டுவதை நான் சொல்ல மாட்டேன்.

கேபிளுக்குத் திரும்புவது

சிரிக்காதீர்கள். பண்ருட்டி, சிதம்பரம் பக்கம் இருப்பவருக்கு இது அறிவான வழி. கேபிளும் துருப்பிடிக்கும், மழைக்காலம் முடிந்ததும் உள்கம்பியையும் உறையையும் மாற்ற வேண்டும். ஆனால் அது ஊரிலேயே கிடைக்கும், கை பழகிய யாரும் போடுவார்கள். உங்கள் ஃப்ரேமில் கேபிள் உறையை நிறுத்தும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எலெக்ட்ரானிக் கியருக்கென்றே வார்த்த ஃப்ரேம்களில் அது இருக்காது. இல்லையென்றால் இந்த வழி மூடியதுதான்.

அந்தத் தம்பிக்கு என்ன ஆயிற்று

வயர்களைத் துளை மாற்றிச் செருகிப் பார்த்தோம். கோளாறு ஃப்ரன்ட் டெரெய்லரோடேயே நின்றது. அதன் முனையை உருவினால் ஓரத்தில் கடுகளவு பச்சை, துடைத்தால் அடியில் செம்பு. டெரெய்லர் பக்கத் துளை மட்டும் சுத்தமாக இருந்தது. ஆக ஒரு வயர். நீளத்தை அளந்தால் 250 மில்லிமீட்டர். காலாப்பட்டில் விழுந்தபோது நான் அவசரப்பட்டு வாங்கிய வயரும் டப்பாவில் இருக்கிறதே என்று ஓடிப்போய் எடுத்தேன். அது 550. மீதியைச் சுருட்டிச் சீட் டியூபுக்குள் தள்ளி, ஆடாமலிருக்க நுரைப்பஞ்சு சுற்றி வைத்திருக்கிறோம். சரியான அளவு வயர் சென்னையிலிருந்து வந்ததும் அந்த 550 என் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.